வல்லரசுப் போட்டிக்கு நடுவே சிங்கப்பூர்: பக்கம் சாராதிருப்பது எதுவரை இயலும்?

கேள்வி

அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் சிங்கப்பூரிலுள்ள சாங்கி கடற்படைத் தளத்துக்கு வந்து போகின்றன. சிங்கப்பூரின் சரக்கு வணிகத்திலோ 2013 முதல் சீனாவே முதலிடத்தில் இருக்கிறது. இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டிய நிலைக்குத் தங்களைத் தள்ளிவிடக் கூடாது என்று சிங்கப்பூர்த் தலைவர்கள் பல ஆண்டுகளாகக் கூறிவருகிறார்கள். இதனை ஒரு வெளியுறவுக் கொள்கை என்று கொள்வதா, நெருக்கடி வரும்வரை முடிவைத் தள்ளிப்போடுவது என்று கொள்வதா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

சிங்கப்பூர் சுவிட்சர்லாந்தைப் போன்ற நடுநிலை நாடு அன்று. செய்தவர் யார் என்று பாராமல், செய்த செயல் எது என்று பார்த்து நிலைப்பாடு எடுப்பதே அது தனக்கு வகுத்துக்கொண்ட வழி. 1983 அக்டோபரில் அமெரிக்கா கரீபியத் தீவு நாடான கிரெனடாவுக்குள் படை அனுப்பியபோது, நெருங்கிய நட்பு நாடாக இருந்தும், ஐ.நா. பொதுச்சபையில் அச்செயலைக் கண்டித்த தீர்மானத்துக்குச் சிங்கப்பூர் ஆதரவாக வாக்களித்தது. 2022இல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தபோது, பாதுகாப்பு மன்றத்தின் தீர்மானம் இல்லாமலேயே ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளையும் வங்கித்துறைத் தடைகளையும் விதித்தது. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான்: பெரிய நாடு சிறிய நாட்டின் எல்லையைப் படைபலத்தால் மீறுவதை ஏற்றுக்கொண்டால், நாளை தனக்கு அதே கதி நேரும்போது முறையிட இடமிருக்காது.

இந்தக் கொள்கை எப்போதும் மனத்துக்கு உவந்த இடத்துக்கே கொண்டுசெல்லும் என்று எண்ண வேண்டாம். 1978 டிசம்பரில் வியட்நாம் கம்போடியாவுக்குள் நுழைந்து கெமர் ரூஜ் ஆட்சியை அகற்றியது. அந்த ஆட்சியின் கொடூரம் உலகறிந்தது. ஆயினும், வெளியிலிருந்து வந்த படை ஒரு நாட்டின் அரசை மாற்றியதை ஏற்கக் கூடாது என்பதற்காக, தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானோடு சேர்ந்து, ஐ.நா.வில் கம்போடியாவின் இருக்கை அகற்றப்பட்ட கெமர் ரூஜ் தரப்பிடமே நீடிப்பதற்குச் சிங்கப்பூர் துணைநின்றது. அன்றைய வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் அந்த வாதத்தை மிகத் தீவிரமாக முன்வைத்தவர். அதன் தர்க்கம் எனக்குப் புரிகிறது. கம்போடிய மக்களை நினைக்கையில் அதை முழு மனத்தோடு பாராட்ட மட்டும் இயலவில்லை.

மறுமொழி 2

மேலே சொன்னவை உண்மைதான். ஆனால் கிரெனடா விவகாரத்தில் அமெரிக்காவுக்கு எதிராக வாக்களித்ததற்குச் சிங்கப்பூர் பெரிய விலை எதுவும் கொடுக்கவில்லை. சீனாவுடனான உறவில் நிலைமை வேறு. 2016 ஜூலையில் தென்சீனக் கடலில் சீனா கோரும் உரிமைகளுக்கு எதிராக நடுவர் மன்றத் தீர்ப்பு வந்தபின், பன்னாட்டுச் சட்டம் மதிக்கப்பட வேண்டும் என்று சிங்கப்பூர் பேசியது பெய்ஜிங்குக்கு உவப்பாக இல்லை. அதே ஆண்டு நவம்பரில், தைவானில் பயிற்சி முடித்து வணிகக் கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த சிங்கப்பூர் ஆயுதப் படையின் ஒன்பது டெரெக்ஸ் கவச வாகனங்களை ஹாங்காங் சுங்கத்துறை பிடித்துவைத்தது. அவை அரசின் சொத்து, வேறொரு நாடு அவற்றைப் பறிமுதல் செய்யச் சட்டத்தில் இடமில்லை என்று சிங்கப்பூர் வாதிட்டது. பிரதமர் லீ சியன் லூங் ஹாங்காங் தலைமை நிர்வாகிக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார். வாகனங்கள் 2017 ஜனவரி இறுதியில்தான் நாடு திரும்பின.

1975 முதல் நடந்துவந்த, சீனாவும் அறிந்திருந்த பயிற்சி அது. அத்தனை ஆண்டுகள் கண்டும் காணாமல் விடப்பட்ட ஒன்று திடீரென்று துறைமுகத்தில் மறிக்கப்பட்டதைத் தற்செயல் என்று நான் நம்பவில்லை. பக்கம் சாராதிருக்கும் உரிமையைச் சிறிய நாடு தானாக எடுத்துக்கொள்ள முடியாது. வல்லரசுகள் அனுமதிக்கும் அளவுக்குத்தான் அது நீடிக்கும் என்பது என் கருத்து.

மறுமொழி 3

அந்த அளவைக் கூட்டிக்கொள்ள வழி இருக்கிறது. சிங்கப்பூரின் தற்காப்புக் கொள்கையே அதற்காகத்தான். 1965 ஆகஸ்டில் தனி நாடானபோது அதனிடம் இருந்தவை இரண்டு காலாட்படைப் பட்டாளங்கள். 1967இல் தேசிய சேவை கட்டாயமாக்கப்பட்டது. மறு ஆண்டு ஜனவரியில், 1971க்குள் தன் படைகளை விலக்கிக்கொள்வதாக பிரிட்டன் அறிவித்தது. அதன்பின் சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவை சேர்ந்து உருவாக்கிய ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாட்டில் தாக்குதல் நேர்ந்தால் கலந்தாலோசிப்பதாகத்தான் வாக்குறுதி உண்டு. உதவிக்கு வந்து போரிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அமெரிக்காவுடனும் பரஸ்பரத் தற்காப்பு உடன்படிக்கை கிடையாது. 1990ஆம் ஆண்டு ஒப்பந்தம் அமெரிக்கப் படைகள் சிங்கப்பூரின் வசதிகளைப் பயன்படுத்திக்கொள்ள வழிசெய்வது. அதை 2035 வரை நீட்டிக்கும் கையெழுத்து 2019 செப்டம்பரில் நியூயார்க்கில் இடப்பட்டது. அடுத்த மாதமே பெய்ஜிங்கில் சீனாவுடனான தற்காப்பு உடன்பாடும் விரிவாக்கப்பட்டது.

போர் விமானங்கள் பறந்து பழகப் போதிய வான்வெளி இல்லாததால் பிரான்சின் கஸோ தளத்துக்கும், தரைப்படை பயிற்சி பெற ஆஸ்திரேலியாவின் ஷோல்வாட்டர் விரிகுடாவுக்கும் வீரர்களை அனுப்பும் நாடு இது. பயிற்சித் திடல்கள் இப்படிப் பல நாடுகளில் பரவியிருப்பதால், ஓரிடத்தில் நெருக்கடி வந்தாலும் படை முடங்கிவிடுவதில்லை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. தைவான் நீரிணையில் போர் மூண்டால் இந்த ஏற்பாடுகள் தாக்குப்பிடிக்குமா?

மறுமொழி 3

முழுமையாகத் தாக்குப்பிடிக்காது என்றே கருதுகிறேன். சாங்கியைப் பயன்படுத்த அமெரிக்கா கேட்கும், மறுக்கும்படி சீனா கேட்கும். இரண்டில் எதைச் செய்தாலும் ஒரு தரப்பு அதைப் பகையாகவே எடுத்துக்கொள்ளும். குடிமக்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் சீன வம்சாவளியினர் என்பதால் அந்த வாக்குவாதம் நாட்டுக்குள்ளும் நுழையும். இந்தோனேசியா 1990 ஆகஸ்டில் சீனாவுடன் மீண்டும் உறவு கொள்ளும்வரை காத்திருந்து, அக்டோபரில்தான் சிங்கப்பூர் பெய்ஜிங்குடன் தூதரக உறவு ஏற்படுத்திக்கொண்டது. இன்னொரு சீன நாடாகத் தன்னை அண்டை நாடுகள் எண்ணிவிடக் கூடாது என்ற கவலை அதற்குக் காரணம். போர்க்காலத்தில் அதே கவலை பன்மடங்காகும். ஆகவே, எந்தெந்த உதவியைத் தருவோம், எதைத் தரமாட்டோம் என்பதை இரு வல்லரசுகளிடமும் அமைதிக் காலத்திலேயே தெளிவாகச் சொல்லிவைப்பதுதான் இப்போது செய்யக்கூடியது.