கால் நீட்டும் அறுவை சிகிச்சை: செய்துகொண்டவர்கள் யாராவது பேசுங்களேன்

வணக்கம். வயது 27, உயரம் 162 செ.மீ. காலில் ஒரு குறையும் இல்லை, உயரம் மட்டும்தான் உறுத்தல். குழுவாகப் படம் எடுத்தால் யாரும் சொல்லாமலே முன்வரிசைக்குப் போய்விடுவேன், அவ்வளவு பழகிவிட்டது.

இரண்டு வருடமாக இதைப் பற்றிப் படிக்கிறேன். எலும்பை வெட்டி, நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வீதம் விலக்குகிறார்கள், இடைவெளியில் புது எலும்பு வளர்கிறது. 1950களில் சைபீரியாவில் இலிசரோவ் என்ற மருத்துவர் எலும்பு முறிவுகளுக்காக உருவாக்கிய முறை. இப்போது எலும்புக்குள்ளேயே காந்தத்தால் நீளும் கம்பியும் வைக்கிறார்கள். 6 செ.மீ. என்றால் விலக்குவதற்கே இரண்டு மாதம், புது எலும்பு கெட்டிப்பட இன்னும் பல மாதம். தசையும் நரம்பும் எலும்பின் வேகத்துக்கு ஈடுகொடுக்காது என்பதுதான் பயமாக இருக்கிறது. குதிகால் தரையில் பதியாமல் மறுபடி அறுவைக்குப் போனவர்களும் உண்டு.

வலி இருக்கும், சரி. செய்து ஐந்தாறு வருடம் ஆனவர்களே, ஓட முடிகிறதா? குத்துக்காலிட்டு உட்கார முடிகிறதா? அப்புறம், கடைசி நேரத்தில் பின்வாங்கியவர்களும் காரணம் சொல்லுங்கள். மருத்துவர் முதலில் மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொல்கிறார். அது யாருக்காவது உதவியதா?

"உயரத்தில் என்ன இருக்கிறது" என்ற அறிவுரை மட்டும் வேண்டாம். ஆறடி ஆட்களிடம் நிறையக் கேட்டாயிற்று.