புதுப்பிப்பு: கந்தளாய்க் குளத்துத் திலாப்பியாவும் சேற்று மணமும்

குளத்து மீனின் சேற்று மணத்தை எப்படிப் போக்குவது என்று போன கிழமை கேட்டிருந்தேன், பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. கந்தளாயில் விடியவே கரையில் வாங்கி, அங்கேயே செவுளை வெட்டி இரத்தத்தை வடியவிட்டு, ஐஸில் போட்டுத்தான் திருகோணமலைக்குக் கொண்டுவந்தேன். முக்கியமான வேலை வயிற்றுக்குள் இருக்கிறது: உட்புறம் ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வை விரல் நுனியால் சுரண்டி எடுங்கள், தோலையும் உரித்துவிடுங்கள். மணத்துக்குக் காரணம் சேறு இல்லை, நீரில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள். அது மீனின் கொழுப்பில் போய்த் தங்கும், புளிப்புப் பட்டால் சிதைந்துவிடும். அதனால் தேசிக்காய், உப்பு, மஞ்சள் பிரட்டி அரை மணி நேரம் வைத்து, அப்புறம் பழப்புளி விட்டுக் குழம்பு வைத்தேன். மணம் துளியும் இல்லை! கடல் மீனைத் தவிர வேறு தொடாத அம்மம்மாவே இன்னொரு துண்டு கேட்டார். அடுத்தது விரால், அதையும் உரிக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.