350 எடுத்துட்டு 454 இறக்கினேன், நின்ன இடத்துலயே வண்டி நடுங்குது – உதவி வேணும்

செவெல்_71
அவசரம். என் செவெல் (செவர்லே கார்) வண்டியில இருந்த 350 என்ஜினை எடுத்துட்டு 454 என்ஜின் இறக்கியாச்சு (எண் ரெண்டும் கன அங்குல அளவு; 350 ஸ்மால் பிளாக், 454 பெரிய உடம்பு பிக் பிளாக்). ஒரே தட்டுல ஸ்டார்ட் ஆகுது, ஐடில் பரவாயில்லை. 1500 ஆர்.பி.எம். தாண்டினா நடுக்கம் ஆரம்பிக்குது. 2000-ல உள் கண்ணாடியில கராஜ் கதவு ரெண்டாத் தெரியுது. பிளக், வயர், கார்பரேட்டர் எல்லாம் புதுசு. டைமிங் வெச்சாச்சு. அடுத்து எதைப் பாக்கணும்?

ரெஞ்சு_ராசு
இவ்வளவு வெச்சு எதுவும் சொல்ல முடியாது. கீழே இருக்கிறதுக்குப் பதில் போடுங்க:
வண்டி எந்த வருஷம்? என்ஜின் எதுல இருந்து வந்தது? பிளாக் வார்ப்பு எண் என்ன? பின்பக்கம், கியர்பாக்ஸ் சேர்ற விளிம்புல, டிரைவர் பக்கம் இருக்கும்.
நடுக்கம் நியூட்ரல்லயும் இருக்கா, கியர்ல ஓடும்போது மட்டுமா?
கியர்பாக்ஸ் எது?
கிராங்க்கோட (பிஸ்டன் சுத்துற தண்டு) முன் நுனியில இருக்கிற பேலன்சர் சக்கரம், பின் நுனியில கியர்பாக்ஸைச் சேர்க்கிற பல் தட்டு, அதாவது ஃப்ளெக்ஸ்பிளேட், ரெண்டும் எங்க இருந்து வந்தது?

இரும்புக்கை
என்ஜினைத் தாங்குற மவுண்ட்தான். ஸ்மால் பிளாக்குக்கும் பிக் பிளாக்குக்கும் பிளாக்குல போல்ட் துளை ஒண்ணுதான், அதனால பழைய ஃப்ரேம் ஸ்டாண்டையே நிறைய பேர் விட்டுடுறாங்க. செவெல்ல அது வேற வேற. தப்பான ஸ்டாண்டுல என்ஜின் உயரம் மாறி ஹெடர் (புகைக்) குழாய் ஃப்ரேம்லயோ ஸ்டீயரிங் பாக்ஸ்லயோ தொட்டுக்கிட்டு நிக்கும். தொட்டா அவ்வளவு நடுக்கமும் பாடிக்கு வந்துடும். ஒரு தடிமனான அட்டையைக் குழாய்க்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல விட்டு இழுத்துப் பாருங்க. பாலியூரித்தேன் மவுண்டா போட்டிருக்கீங்க?

மோப்பர்_மதி
தம்பி, கேள்வி கேக்கிறதுக்கும் ஒரு முறை இருக்கு. "454 இறக்கினேன்"னா அது ஒரே என்ஜின் மாதிரி பேசுறீங்க. 1970-ல வந்ததும் 1991-க்குப் பிறகு வந்த ஐந்தாம் தலைமுறையும் வேற. கிராங்க்கோட பின் ஆயில் சீல் ரெண்டு துண்டா ஒரு துண்டாங்கிறதுல இருந்தே மாறுது. டிரக்குல இருந்து எடுத்ததுன்னா அது 366-ஆ, உயரமான டெக் (பிளாக் உயரம்) உள்ள 427-ஆன்னு கூட பாக்கணும். 9.8 அங்குல டெக், 10.2 அங்குல டெக், ரெண்டுக்கும் இன்டேக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் சேராது. அடிப்படை தெரியாம எட்டு சிலிண்டர் இரும்பைத் தூக்கி வெக்கக் கூடாது.

சிலிண்டர்_எட்டு
மிஸ்ஃபயர் மாதிரி இருக்கு. சிலிண்டர் எரியுற வரிசை 1-8-4-3-6-5-7-2. அஞ்சும் ஏழும் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர், அதுவும் அடுத்தடுத்து எரியுது. அந்த ரெண்டு வயரும் ஒட்டி ஓடினா ஒண்ணோட தீப்பொறி இன்னொண்ணுக்குத் தாவும். புது வயரா இருந்தாலும் பிரிச்சு, குறுக்கா கடந்து போற மாதிரி கட்டுங்க. ராத்திரி விளக்கை அணைச்சுட்டுப் பாத்தா தாவுறது கண்ணுக்கே தெரியும்.

ரெஞ்சு_ராசு
மிஸ்ஃபயர்னா ஐடில்ல மோசமா இருந்து, ஆர்.பி.எம். ஏற ஏறக் குறையும். இவருக்கு நேர் எதிரா இருக்கு. சுழற்சியோட சேர்ந்து ஏறினா அது சுத்துற ஏதோ ஒண்ணோட எடை. முதல் வேலை: பெல்ட் எல்லாத்தையும் கழட்டிட்டு முப்பது விநாடி ஓட்டிப் பாருங்க. தண்ணி பம்ப் சுத்தாது, அதனால அதுக்கு மேல ஓட்டாதீங்க. நடுக்கம் அப்படியே இருந்தா ஃபேன், பம்ப், ஆல்டர்னேட்டர் எல்லாம் கணக்குல இருந்து போயிடும்.

செவெல்_71
71 செவெல். என்ஜின் எழுபதுகள் பிக்கப்புல இருந்து. எண் 3999289. நியூட்ரல்லயும் அதே நடுக்கம். கியர்பாக்ஸ் பழைய டர்போ 350 (பேருதான் 350, என்ஜின் இல்லை) அப்படியே இருக்கு. மவுண்ட் ரப்பர், புதுசு, பிக் பிளாக் ஸ்டாண்ட்தான். பெல்ட் கழட்டிப் பாத்தேன், மாற்றம் இல்லை. பேலன்சர் என்ஜினோட வந்தது. ஃப்ளெக்ஸ்பிளேட் பழசையே போட்டேன், பல் எல்லாம் நல்லா இருந்தது.

ரெஞ்சு_ராசு
3999289, 454-தான். நியூட்ரல்லயும் நடுக்கம் இருக்கிறதால டிரைவ்ஷாஃப்ட், கோணம், பின் ஆக்சில் எதையும் தொட வேண்டாம்.

டார்க்_துரை
டர்போ 350-யை 454-க்குப் பின்னாடி விட்டா அடுத்த கேள்வி அதைப் பத்திதான் வரும். அதைவிட பலமான டர்போ 400 கியர்பாக்ஸ் போட்டுடுங்க.

இரும்புக்கை
எதுக்கு? நல்லாக் கட்டின டர்போ 350, சாதாரண 454 முறுக்கைத் தாங்கும். 400-ஐச் சுத்தவே என்ஜின் சக்தி கூடுதலாப் போகுது. கிராஸ்மெம்பரைப் பின்னால தள்ளணும், டிரைவ்ஷாஃப்ட் நுழையுற யோக் 27 பல்லுல இருந்து 32 பல்லுக்கு மாறணும், டிரைவ்ஷாஃப்ட் நீளம் திரும்ப அளக்கணும். 350-க்குக் கேபிள் கிக்டவுன், 400-க்கு மின்சார ஸ்விட்ச், அதுக்கு வயர் தனி.

டார்க்_துரை
பின் டயர் பிடிப்பு நல்லா இருந்தா முறுக்கு எங்கேயாவது போயாகணும். பிடிப்பு இல்லாத டயர்ல 350 உயிர் பிழைக்குது, அவ்வளவுதான். ஸ்லிக் (பந்தய டயர்) மாட்டினா முதல்ல கியர்பாக்ஸ் உள் கிளட்ச் போகும். ஃபேக்டரியே 1970 செவெல் 454-க்கு டர்போ 400 தான் கொடுத்தது, 350 கொடுக்கலை.

இரும்புக்கை
ஃபேக்டரி உத்தரவாதத்துக்காகக் கொடுத்தது. இவர் தெருவுல ஓட்டப் போறார். ஸ்லிக் மாட்டப் போறார்னு யார் சொன்னது?

மோப்பர்_மதி
கியர்பாக்ஸ் சண்டையை வேற இழையில வெச்சுக்கங்க. கேட்டவர் நடுக்கத்துக்கு வந்திருக்கார்.

ரெஞ்சு_ராசு
செவெல்_71, ஒரு வார்த்தை உறுத்துது. "பழசையே போட்டேன்"னு எழுதியிருக்கீங்க. எந்தப் பழசு? 454-ல இருந்ததா, 350-ல இருந்ததா?

செவெல்_71
350 என்ஜின்ல இருந்தது. 454 வித்தவர் ஃப்ளெக்ஸ்பிளேட் தரலை. 168 பல், ஸ்டார்ட்டர் சரியாப் பிடிக்குது, போல்ட் துளையும் ஒண்ணாத்தான் இருக்கு. அதனால மாத்தணும்னு தோணலை.

ரெஞ்சு_ராசு
அதுதான் காரணம். இனி என்ஜினை ஓட்டாதீங்க.

454-க்கு ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்) 4 அங்குலம். அந்த நீளத்துக்குச் சரியான எதிர் எடையை கிராங்க் மேலேயே வெக்க கிராங்க்கேஸுக்குள்ள இடம் பத்தலை. அதனால மிச்ச எடையை ரெண்டு நுனியிலயும் வெளியே வெச்சாங்க: முன்னாடி பேலன்சர்ல, பின்னாடி ஃப்ளெக்ஸ்பிளேட்ல. 396, 402, 427 மூணும் 3.76 அங்குலம், உள்ளேயே சமநிலை. உங்க 71-ஓட 350-யும் உள்ளேயே சமநிலை, அதோட ஃப்ளெக்ஸ்பிளேட் எந்தப் பக்கமும் கனமில்லாத வெறும் வட்டம். இப்ப உங்க என்ஜினுக்கு முன் நுனியில எடை இருக்கு, பின் நுனியில இல்லை. ஒரு பக்கம் மட்டும் கல்லு கட்டின ராட்டினம் மாதிரி சுத்துது. போல்ட் துளையும் பல்லும் பொருந்துறதால எல்லாரும் ஏமாறுறது இங்கதான்.

கியர்பாக்ஸ் அடியில இருக்கிற தகர மூடியைக் கழட்டுங்க. முன் பேலன்சர் போல்ட்டுல நீளக் கைப்பிடி போட்டு கிராங்க்கை மெதுவா ஒரு முழுச் சுத்து சுத்துங்க. 454 தட்டுல ஒரு இடத்துல தடிமனான இரும்புத் துண்டு வெல்டு பண்ணியிருக்கும். உங்களோடதுல இருக்காது. அப்படியே பேலன்சரையும் பாருங்க: 454-ஓடதுன்னா உள்ளே ஒரு பக்கம் குடைஞ்சு எடுத்த மாதிரி அரைநிலா வடிவம் தெரியும். முழு வட்டமா இருந்தா அது 396 அல்லது 427-ஓடது, அதையும் மாத்தணும்.

மோப்பர்_மதி
இது செவர்லேக்கு மட்டும் உள்ள தலைவலி இல்லை. மோப்பர்லயும் (கிரைஸ்லர் என்ஜின்) வார்ப்பு கிராங்க் வந்த 440-க்கு வெளி எடை உண்டு, அதுக்கு முந்தின ஃபோர்ஜ்டு கிராங்க்குக்குப் பொதுவா இல்லை. எந்த என்ஜின் வாங்கினாலும் பேலன்சரும் தட்டும் சேர்த்து வாங்கணும். இதைத்தான் அடிப்படைன்னு சொன்னேன்.

சிலிண்டர்_எட்டு
ஃப்ளெக்ஸ்பிளேட் வாங்கும்போது "வெளி எடை உள்ளது"ன்னு மட்டும் கேட்டா 400 ஸ்மால் பிளாக் என்ஜினோடதைத் தந்துடுவாங்க. அதுலயும் எடை உண்டு, ஆனா அளவு வேற. 1990 வரைக்கும் வந்த, ரெண்டு துண்டு சீல் உள்ள 454-க்குன்னு சொல்லிக் கேளுங்க, 168 பல். இப்ப இருக்கிற ஸ்டார்ட்டர் அப்படியே சேரும். அஞ்சு, ஏழு வயரையும் பிரிச்சுக் கட்டிடுங்க, அது எப்படியும் செய்ய வேண்டியது.

ரெஞ்சு_ராசு
கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகணும், குறுக்கு வழி இல்லை. கிராங்க் போல்ட் ஆறும் மெல்லிய தலை உள்ளதா இருக்கணும், சாதாரண போல்ட் தலை கன்வர்ட்டர்ல (என்ஜின் முறுக்கை கியர்பாக்ஸுக்குக் கடத்துற எண்ணெய் டிரம்) இடிக்கும். லாக்டைட் (போல்ட் கழலாம இருக்கிற பசை) போட்டு 65 அடி-பவுண்டுக்கு இறுக்குங்க.

திரும்ப ஏத்தும்போது இங்க கவனம். கன்வர்ட்டரைக் கியர்பாக்ஸ்ல சுத்திக்கிட்டே தள்ளுங்க, "டக்"னு உள்ளே இறங்கும், ஒரு தடவை இல்லை, ரெண்டு மூணு தடவை. முழுசா இறங்காம கியர்பாக்ஸ் கூட்டை வெச்சு போல்ட்டால இழுத்தா கியர்பாக்ஸ் பம்ப் உடையும். கூடு பிளாக்கோட கையாலேயே ஒட்டணும். ஒட்டின பிறகு கன்வர்ட்டருக்கும் தட்டுக்கும் நடுவுல 1/8-ல இருந்து 3/16 அங்குலம் இடைவெளி இருக்கணும். இடைவெளியே இல்லைன்னா கன்வர்ட்டர் உள்ளே இறங்கலை, கழட்டிட்டு மறுபடி.

இன்னொண்ணு. ஆயில் ஃபில்டரைக் கழட்டி வெட்டி, மடிப்பை வெளிச்சத்துல விரிச்சுப் பாருங்க. எடை இல்லாம ஓடினதுல அடி வாங்கியிருந்தா மெயின் பேரிங்தான் வாங்கியிருக்கும். பளபளன்னு தூள் இருந்தா ஆயில் பான் இறக்கிப் பின் பேரிங் மூடியையாவது திறக்கணும்.

டார்க்_துரை
கியர்பாக்ஸ் எப்படியும் கீழே வருது. டர்போ 400 போட இதைவிட நல்ல நேரம் கிடையாது.

இரும்புக்கை
விட மாட்டீங்க போல. அவர் கிட்ட இருக்கிறது ஓடுற டர்போ 350. பணத்தை ரேடியேட்டர்ல போடட்டும். 350 என்ஜினோட ரேடியேட்டர் 454-க்குப் பத்தாது. முன் ஸ்பிரிங்கும் மாத்தணும், பிக் பிளாக் ஸ்மால் பிளாக்கை விடக் கனம்.

செவெல்_71
மூடி திறந்தேன். தட்டுல எடை இல்லை, வெறும் வட்டம். பேலன்சர்ல அரைநிலா இருக்கு. 454 தட்டுக்குச் சொல்லியிருக்கேன், வெள்ளிக்கிழமை வரும்.

செவெல்_71
போட்டாச்சு. கன்வர்ட்டர் இடைவெளி 5/32. 3000 வரை ஏத்திப் பாத்தேன், நடுக்கம் இல்லை. கண்ணாடியில கதவு ஒண்ணாத்தான் தெரியுது. எல்லாருக்கும் நன்றி.

ரெஞ்சு_ராசு
நல்லது. ஃபில்டர் வெட்டினீங்களா?

ரெஞ்சு_ராசு
செவெல்_71, ஃபில்டர் என்ன ஆச்சு? அது தெரியாம நெடுஞ்சாலைக்கு எடுக்காதீங்க.

இரும்புக்கை
ரேடியேட்டர் எத்தனை வரிசைன்னும் சொல்லிட்டுப் போங்க.