புதுப்பிப்பு: சவுண்ட்பாரில் இணைத்த ஹெட்போனில் சத்தம் குறைவு (சரியாகிவிட்டது)

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போன கிழமை நான் கேட்டது இதுதான்: கல்லடியில் எங்கள் வீட்டு ரீவியின் சவுண்ட்பாரோடு (ரீவியோடு வைக்கும் நீள ஸ்பீக்கர்) புளூடூத்தில் இணைத்த ஹெட்போனில், ரிமோட்டில் முழுதாகக் கூட்டினாலும் அப்பாவுக்குச் செய்தி கேட்கவில்லை. அதே ஹெட்போன் போனில் நன்றாகக் கேட்டது.

இணைப்பை அழித்து மறுபடி இணைத்தேன், ரீசெட்டும் செய்தேன். பலனில்லை.

கைகொடுத்தது கல்முனை அண்ணா சொன்ன வழி. ஹெட்போனுக்குள் தனியாக ஒரு ஒலியளவு இருக்கிறது. போனில் கூட்டினால் போன் அதையும் சேர்த்துக் கூட்டிவிடும். எங்கள் சவுண்ட்பார் அந்தக் கட்டளையை அனுப்புவதில்லை, தன் பக்கத்து அளவை மட்டும் மாற்றுகிறது. ஆகவே சவுண்ட்பாரில் இணைந்திருக்கும்போதே ஹெட்போனின் வலது பக்கத்துக் கூட்டல் பொத்தானை ‘பீப்’ என்று உச்சம் காட்டும்வரை அழுத்தினேன், ஏழெட்டுத் தடவை. அப்பா சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்கு அதுவே போதும்.

எதிர்பாராதது ஒன்று. செய்தி சரி, படங்களில் மட்டும் பேச்சு அமுங்கியே இருந்தது. ரீவியின் ஒலி வெளியீட்டை டொல்பியிலிருந்து (பல தட ஒலி) பிசிஎம்முக்கு (சாதாரண இரு தட ஒலி) மாற்றியதும் அதுவும் தெளிந்தது. படங்களின் 5.1 (ஆறு தட) ஒலியைச் சவுண்ட்பார் ஹெட்போனுக்காக இரண்டு தடங்களாகச் சுருக்கும்போது பேச்சு தாழ்ந்துபோவதுண்டு; பிசிஎம்மில் அந்தச் சுருக்கலை ரீவியே செய்துவிடும்.

இப்படிக் கூட்டி வைத்தவர்கள், போனுக்கு மாற்றுமுன் கட்டாயம் சத்தத்தைக் குறையுங்கள். நான் மறந்து பாட்டைப் போட்டு, கொஞ்ச நேரம் காது அடைத்துவிட்டது.