திருக்கருகாவூர் தொட்டில் நேர்த்திக்கடன்: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். பிரசவத்துக்குப் பின் இதயத் தசை பலவீனமான எங்கள் அண்ணி தேறி வருகிறார். திருக்கருகாவூர்க் கோயில் அம்மன் கர்ப்பரட்சாம்பிகை காப்பாற்றித் தந்த உயிர் என்றே வீட்டில் நம்புகிறோம். குழந்தையைக் கோயில் தொட்டிலில் இடும் நேர்த்திக்கடன் பாக்கி இருக்கிறது. வரிசையில் நிற்கவோ விரதம் இருக்கவோ அவரால் ஆகாது. நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர் பட்டினி கிடந்தால் ரத்த அழுத்தம் சட்டென இறங்கிவிடும். தாய் வராமல், அப்பாவும் பாட்டியும் குழந்தையைக் கொண்டுபோய்த் தொட்டிலில் இடலாமா? அங்கே செய்தவர்கள் சொல்லுங்கள்.

பத்தியச் சமையலுக்கும் யோசனை வேண்டும். நாளுக்கு மொத்த உப்பே ஒரு தேக்கரண்டிக்குள், 5 கிராம்தான். கருவாடு, அப்பளம், ஊறுகாய் கூடவே கூடாது: நீர் கோத்துக் கால் வீங்கும், படுத்தால் மூச்சு வாங்கும். சோடியம் குறைந்த உப்பைத் தயவுசெய்து சொல்ல வேண்டாம். அதிலுள்ள பொட்டாசியம் இதய மாத்திரைகளோடு சேர்ந்தால் ஆபத்து. பூண்டு, மிளகு, சீரகத்தில் ருசி ஏற்றும் குழம்புப் பக்குவம் இருந்தால் அளவோடு எழுதுங்கள்.