பால் ரூஸ்: மெல்பர்னில் 66 ஆட்டத்துக்கு 21 வெற்றி. இதில் என்ன சாதனை?

கேள்வி (ஓவல்பந்து)
ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் (AFL லீக்) ஆட்டக்காரராக ரூஸ் பெரிய ஆள் என்பதில் சந்தேகமில்லை. ஃபிட்ஸ்ராய் கிளப்புக்கு 269, சிட்னி கிளப்புக்கு 87, மொத்தம் 356 ஆட்டங்கள். கோச்சாக 2005இல் சிட்னிக்குக் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். ஆனால் அவர் கோச்சாக இருந்த 2014–16இல் மெல்பர்ன் அணி ஒருமுறைகூட ஃபைனல்ஸ் (முன்னணி அணிகள் கோப்பைக்கு மோதும் கடைசிச் சுற்று) போகவில்லையே. அதையும் ஏன் புகழ்கிறார்கள்?

கேலரி_ஓரம்
மொத்தத்தைப் பார்க்காதீர்கள், வருடவாரியாகப் பாருங்கள். அவர் வருவதற்கு முந்தைய 2013இல் மெல்பர்ன் 22 ஆட்டத்தில் ஜெயித்தது 2. இரண்டாவது ரவுண்டிலேயே எசெண்டன் அணியிடம் 148 புள்ளி வித்தியாசத்தில் அடி. சீசன் நடுவில் கோச் மார்க் நீல்டை அனுப்பிவிட்டார்கள். ரூஸ் வந்தபின் வெற்றிகள் 4, 7, 10.

முதல் வருடம் அவர் கைவைத்தது தடுப்பாட்டத்தில் மட்டும்தான். எதிரணி அடிக்கும் புள்ளி மளமளவெனக் குறைந்தது. மெல்பர்ன் அடிக்கும் கோல் கூடவில்லை. பார்க்கச் சகிக்காத ஆட்டம், அதை மறுக்க முடியாது. தடுப்பிலிருந்து தொடங்கினால் வரும் சிக்கலே இதுதான்: எல்லோரும் பந்துக்குப் பின்னால் இறங்கிவிடுவதால், பந்து கிடைக்கும்போது முன்னால் உதைக்க ஆள் இருக்காது.

பிஹைண்ட்6
சிட்னியிலும் அதே பாணிதான். 2002 நடுவில் கோச் ராட்னி ஈட் விலகியதும் தற்காலிகமாக வந்தவர் ரூஸ். பந்தைச் சுற்றி ஆள் குவிப்பது, டேக்கிள் செய்து பூட்டுவது, அம்பயர் மறுபடி பந்தை எறியும்போது பிரெட் கிர்க் போன்றவர்களை வைத்து முதலில் எடுப்பது. 2005இல் லீக் தலைவர் டெமட்ரியூவே இந்த ஆட்டத்தை வெளிப்படையாகக் குறை சொன்னார். அதே செப்டம்பரில் கோப்பை!

அந்த ஃபைனல் ஸ்கோர்: சிட்னி 8.10 (58), வெஸ்ட் கோஸ்ட் 7.12 (54). முதல் எண் கோல், இரண்டாவது பிஹைண்ட் (கோலைத் தவறவிட்டு பக்கத்துக் கம்பத்துக்குள் போவது), அடைப்புக்குள் மொத்தம்; கோலுக்கு 6 புள்ளி, பிஹைண்டுக்கு 1. கடைசி நொடிகளில் சிட்னியின் லியோ பேரி உதைத்து வந்த பந்தை எம்பிப் பிடித்த மார்க்கால் (கேட்ச்) தப்பியது. சிட்னி கிளப் சவுத் மெல்பர்ன் என்ற பெயரில் இருந்த 1933க்குப் பிறகு முதல் பட்டம். அடுத்த வருடம் அதே இரண்டு அணிகள், இருவருக்கும் 12 கோல், ஒரே ஒரு பிஹைண்டில் சிட்னி தோற்றது. குறைந்த ஸ்கோரில் ஆடினால் முடிவு இப்படி நூலில் தொங்கும்.

ஓவல்பந்து
சரி. ஆனால் மெல்பர்னின் 2021 கோப்பை அடுத்த கோச் சைமன் குட்வினுடையதுதானே?

கேலரி_ஓரம்
ஆமாம், அதை ரூஸ் கணக்கில் எழுதுவது அதிகம். வீரர்கள் பெட்ராக்கா, ஆலிவர் இருவரும் ரூஸ் காலத்து டிராஃப்ட் (இளம் வீரர்களை அணிகள் முறைவைத்து எடுப்பது, கடைசியில் வந்த அணிக்கு முதல் வாய்ப்பு) என்றாலும், அவ்வளவு முன்வரிசைத் தேர்வு கிடைத்ததே அணி கடைசியில் கிடந்ததால்தான். அவருக்குத் தர வேண்டிய பெயர் பதவியைக் கைமாற்றிய விதத்துக்கு. சிட்னியில் 2010 முடிவில் கோச் பதவியை லாங்மையரிடம் கொடுத்தார், 2012இல் கோப்பை. மெல்பர்னில் குட்வினை அடுத்த கோச்சாக 2014லேயே அறிவித்து, உதவிக் கோச்சாகப் பக்கத்தில் வைத்துப் பழக்கி, 2016 முடிவில் விலகினார்.

பிஹைண்ட்6
காலிங்வுட்டில் இதே திட்டம் சொதப்பியது. கோச் மால்ட்ஹவுஸ் 2011 முடிவில் பதவியை பக்லியிடம் கொடுக்க வேண்டும் என்று 2009லேயே ஒப்பந்தம். நடுவில் 2010இல் அவர் கோப்பை ஜெயித்துவிட்டார், 2011இலும் கிராண்ட் ஃபைனல் (கோப்பைக்கான இறுதி ஆட்டம்) வரை போனார். அப்படி ஆடும் அணியை விட யாருக்கு மனசு வரும்? ஒதுக்கியிருந்த பயிற்சி இயக்குநர் பதவியை ஏற்காமலே கிளம்பினார். ரூஸ் இரண்டு இடத்திலும் தானாகப் போக விரும்பியவர்.