காபிக்குச் சர்க்கரை

மேலத்தெரு வீட்டார் (குழு)

வசந்தி: அம்மா இன்றைக்கும் கஞ்சி வேண்டாம் என்றுவிட்டது. காபியும் சர்க்கரை இல்லாமல்தான். போன கீமோவுக்குப் பிறகு 3 கிலோ குறைந்திருக்கிறது. யார் அதனிடம் இதையெல்லாம் சொன்னது?

கோவிந்து: எதை

வசந்தி: சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினியில் செத்துவிடும், மூச்சுப்பயிற்சி செய்தால் ஆக்சிஜன் போய்ச் சேரும் என்று.

ராஜு: நான்தான் அனுப்பினேன். நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள் அதற்கு.

பாலா சிங்கப்பூர்: மாமாவுக்கா?

தேவி: சித்தப்பா, 2019இல் கொடுத்தது உண்மைதான். செமென்ஸா, ராட்கிளிஃப், கேலின் என்று மூன்று பேர். ஆக்சிஜன் குறைந்ததைச் செல் எப்படித் தெரிந்துகொள்கிறது என்று கண்டுபிடித்ததற்கு. மூச்சுப்பயிற்சிக்கு இல்லை.

ராஜு: ஆக்சிஜன்தானே. அதைத்தானே நானும் சொன்னேன்

தேவி: கட்டி வளரும் வேகத்துக்கு ரத்தக்குழாய் வராது. குழாயிலிருந்து 0.1, 0.2 மில்லிமீட்டர் தள்ளினாலே ஆக்சிஜன் எட்டாது. நம் தலைஞாயிறு வயல் மாதிரி. மேட்டூரை ஜூன் 12இல் திறந்தாலும் வாய்க்கால் இல்லாத கடைமடைக்கு என்ன வரும்? அத்தை விரலில் மாட்டிப் பார்த்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் 98 காட்டுகிறது. அணை நிரம்பித்தான் இருக்கிறது. மூச்சை இழுத்து இழுத்து விட்டால் கடைமடைக்குப் போய்விடாது.

கோவிந்து: வாய்க்கால் என்றதும் ஞாபகம் வந்தது. தூர்வாரிய ஆளுக்கு ராஜு பங்கு இன்னும் வரவில்லை

ராஜு: போன வருடம் மோட்டாருக்குக் காயில் கட்டியது யார் பணம் அண்ணே

பாலா சிங்கப்பூர்: ஆரம்பித்துவிட்டார்கள்

வசந்தி: செவ்வாய்க்கிழமை தஞ்சாவூர் போக வண்டி வேண்டும். யாராவது அதைப் பேசுங்கள்.

தேவி: அத்தாச்சி, இதை முடித்துவிடுகிறேன். சர்க்கரை இரண்டு வகையாக வருகிறது இதில். ஒன்று நாம் தின்பது. ஆக்சிஜன் இல்லாத செல் குளுக்கோஸை அதிகம் இழுக்கும், பெட் ஸ்கேனில் கட்டி பளிச்சென்று தெரிவதே குளுக்கோஸை அப்படி இழுப்பதால்தான். ஆனால் அத்தை சாப்பிடாவிட்டால் கல்லீரலே குளுக்கோஸ் தயாரிக்கும், அதற்குத் தசையைக் கரைக்கும். பட்டினி கிடப்பது அத்தைதான், கட்டி இல்லை.

வசந்தி: டாக்டரும் போன முறை நன்றாகச் சாப்பிடத்தான் சொன்னார்

தேவி: இன்னொன்று செல்லின் மேலேயே இருப்பது. நெல்லுக்குச் சுனை மாதிரி ஒவ்வொரு செல்லிலும் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ரத்தம் ஏ குரூப்பா பி குரூப்பா என்பதே அந்த நுனியில் எந்தச் சர்க்கரை என்பதுதான். ஆக்சிஜன் குறைந்தால் ஹெச்ஐஎஃப் என்று ஒரு புரதம் அழியாமல் சேர்ந்துவிடும். அது சங்கிலி கட்டுகிற வேலையையே மாற்றிவிடும். பெருங்குடல் புற்றுநோய் செல்களில் சியாலில் லூயிஸ் என்கிற சங்கிலி இப்படிக் கூடுவதை ஜப்பானியர்கள் 2004இல் காட்டினார்கள். ரத்தக்குழாய்ச் சுவரில் செலக்டின் என்று ஒன்று இருக்கிறது. நாயுருவி விதை வேட்டியில் ஒட்டுகிற மாதிரி இந்தச் சங்கிலி அதில் போய் ஒட்டும். நோய் பரவ அது ஒரு வழி. நுனியில் சியாலிக் அமிலம் மிகுந்தால் நோய் எதிர்ப்பு செல்களும் நம்ம ஆள்தான் என்று விட்டுவிடும்.

பாலா சிங்கப்பூர்: தேவி, மாமா தூங்கிவிட்டார்

ராஜு: தூங்கவில்லை. அப்போ நான் சொன்னதில் பாதி சரி

தேவி: அத்தை ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் சிஏ 19-9 என்று இருந்ததே, அது அந்தச் சங்கிலிகளில் ஒன்றுதான் சித்தப்பா. செல் தானே கட்டிக்கொள்கிறது. காபியில் ஒரு கரண்டி குறைத்தால் அது குறையாது.

கோவிந்து: காபிக்குச் சர்க்கரை என்றாலே இவனுக்கு ஆகாது. வசந்தி கல்யாணத்தில் பந்திக்கு நடுவில் தீர்ந்துபோனதே

ராஜு: அண்ணே, அன்றைக்குக் கணக்குப் பார்த்தது நீங்கள்

ராஜு: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

வசந்தி: மாமா எதை நீக்கினீர்கள்?

ராஜு: ஒன்றுமில்லை. அது என் அக்கா. கெடுதல் நினைப்பேனா

சுந்தரி: எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்

பாலா சிங்கப்பூர்: அம்மா!

சுந்தரி: எனக்குக் கசப்புக் காபி பிடிக்கவே இல்லை. ராஜு ஆசையாகச் சொன்னானே என்று குடித்தேன். அந்த நாயுருவி விஷயம் மட்டும் புரிந்தது தேவி. மூச்சுப்பயிற்சி செய்தால் தூக்கம் வருகிறது, அதை விடமாட்டேன்.

தேவி: அதைச் செய்யுங்கள் அத்தை, நல்லதுதான்.

வசந்தி: கஞ்சி வைக்கவா?

சுந்தரி: இட்லி

பாலா சிங்கப்பூர்: நான் ஆடிப்பெருக்குக்கு வரப் பார்க்கிறேன்

வசந்தி: போன வருடமும் பார்த்தாய். செவ்வாய்க்கிழமை வண்டி?

ராஜு: என் வண்டி வொர்க்‌ஷாப்பில் நிற்கிறது. திங்கட்கிழமை தந்தால் நான் கூட்டிப்போகிறேன்

வசந்தி: தராவிட்டால்?

கோவிந்து: மோட்டார் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது